‘மெகர் பார்க்காமலே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்’: புதிதாக லீட் ஆன எலக்ட்ரீஷியனின் கடிதத்துக்குப் பதில்

வாசகர் எழுதியது, சுருக்கமாக:

வயது 34. பதினொரு ஆண்டுகளாக எலக்ட்ரீஷியன். நான்கு மாதங்களுக்கு முன்பு ஏழு பேர் கொண்ட குழுவுக்கு இவரை லீட் ஆக்கியிருக்கிறார்கள். மூன்று எலக்ட்ரீஷியன்கள், இரண்டு ஹெல்பர்கள், இரண்டு பயிற்சியாளர்கள். ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தின் உள்வயரிங் முழுவதும் இவர்கள் பொறுப்பு. கீழே மூன்று மாடிகளுக்கு சப்ளை கொடுத்தாகிவிட்டது, மேலே வேலை நடக்கிறது.

பத்து நாட்களுக்கு முன்பு இவர் ஐந்தாம் மாடியில் ஒரு பேனலை முடித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடியில் ஒரு லைட் பாயின்ட் நீட்டவேண்டி வந்தது. அந்தச் சர்க்யூட்டின் மின்சாரத்தை வெட்டும் சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கும்படி ஹெல்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் சரியான எம்.சி.பி.யைத்தான் இறக்கினார். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரில் ஃபேஸ் வயர் எரியவில்லை. நியூட்ரல் இணைப்பைப் பிரித்ததும் ஷாக் அடித்து ஏணியிலிருந்து தடுமாறி இறங்கியிருக்கிறார். மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் தானே வெட்டவேண்டிய ஆர்.சி.சி.பி. விழவில்லை. பையன் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டதால் யாரிடமும் தெரிவிக்கவில்லை.

குழுவில் மூத்தவர், இவருக்கே வேலை கற்றுக்கொடுத்த அண்ணன். சப்ளை இருக்கும்போதே டி.பி.யில் (மின் பகிர்வுப் பெட்டியில்) வேலை செய்கிறார், சொன்னால் சிரிக்கிறார். புராஜெக்ட் மேனேஜர் ஃபால்ஸ் சீலிங் மூடும் அவசரத்தில், இன்சுலேஷன் சோதனைத் தாளில், மெகர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்து அளவு பார்க்காமலே கையெழுத்துக் கேட்கிறார். இரண்டு மாடிகளுக்கு இவர் ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் விட்ட பிழைகளை இரவு எட்டு மணி வரை தானே உட்கார்ந்து சரிசெய்கிறார். ‘பேருக்குத்தான் நான் லீட், எல்லாப் பொறுப்பும் இன்ஜினீயருடையதுதானே? பேசாமல் பழையபடி வயர் இழுக்கப் போய்விடலாமா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

மற்ற எல்லாவற்றையும் பேசுவதற்கு முன் அந்த ஹெல்பரை மருத்துவரிடம் அனுப்புங்கள். மின்சாரம் கையில் நுழைந்து மறு கை வழியாகவோ கால் வழியாகவோ வெளியேறியிருந்தால், நெஞ்சைக் கடந்துதான் போயிருக்கிறது. வெளிக்காயம் இல்லாததை வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு செய்யக்கூடாது. படபடப்பு, நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், கை மரத்துப்போவது இவற்றில் எது இருந்தாலும் இன்றைக்கே போகவேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. மருத்துவரிடம் 230 வோல்ட் என்பதையும், எந்தக் கையில் பட்டது, உடலின் எந்தப் பக்கம் உலோகத்தில் சாய்ந்திருந்தது, எவ்வளவு நேரம் விடமுடியாமல் இருந்தது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். நடந்ததை எழுதி நிறுவனத்துக்கும் கொடுங்கள். தாமதமாகச் சொல்கிறோமே என்று தயங்க வேண்டாம். இப்போது சொன்னால் இது ஒரு தப்பிய விபத்து. மறைத்தபின் அதே பாக்ஸில் இன்னொருவருக்கு அடித்தால், தெரிந்தே விட்டதாகிவிடும்.

எம்.சி.பி.யை இறக்கிய பிறகு ஷாக் எங்கிருந்து வந்தது?

உங்கள் கடிதத்தில் ‘சரியான எம்.சி.பி.யைத்தான் இறக்கினான், எப்படி அடித்தது என்றே புரியவில்லை’ என்ற வரி இருக்கிறது. எம்.சி.பி. இறங்கினால் லைன் செத்துவிட்டது என்ற நினைப்பு அதன் அடியில் இருக்கிறது. ஒற்றை போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் அப்படியே நியூட்ரல் பாரில் (எல்லா நியூட்ரலும் சேரும் பட்டையில்) இணைந்தே இருக்கும். வேறொரு சர்க்யூட்டின் விளக்குகள் அந்த நியூட்ரலை இரவல் வாங்கி ஓடிக்கொண்டிருந்தால், பாக்ஸில் நியூட்ரலைப் பிரித்த கணத்தில் அந்த விளக்குகளின் வழியே வந்த மின்சாரம் பிரிந்த முனையில் நிற்கும். அந்த முனைக்கும் எர்த்துக்கும் இடையே அப்போது ஏறத்தாழ முழு 230 வோல்ட். பையன் அந்த முனையைத் தொட்டபோது உடலின் இன்னொரு பக்கம் சீலிங் சேனலையோ ட்ரேயையோ தொட்டிருக்கும்.

கடிதத்தில் உள்ள விவரம் அத்தனையும் இரவல் நியூட்ரலையே காட்டுகிறது. இது எப்படி உண்டாகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. சீலிங் பாக்ஸில் நான்கு நியூட்ரல் தெரிந்தால் எல்லாவற்றையும் ஒரே கனெக்டரில் சேர்த்துவிடுவது ஒரு வழி. மாடிப்படி விளக்குக்கு டூ வே (இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் சுவிட்ச்) போடும்போது ஃபேஸை ஒரு மாடியிலிருந்தும் நியூட்ரலை அடுத்த மாடியிலிருந்தும் எடுத்துவிடுவது இன்னொன்று. விளக்கு எரிந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சப்ளை இருக்கும்போது, ஒரே சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து கிளாம்ப் மீட்டருக்குள் விட்டுப் பாருங்கள். போவதும் வருவதும் சமமாக இருந்தால் அளவு பூச்சியத்தை ஒட்டி நிற்கும். அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் என்று காட்டினால் அவ்வளவும் வேறு வழியில் திரும்புகிறது என்று பொருள். அதன்பின் மெயினை இறக்கிப் பூட்டிவிட்டு, எல்லா நியூட்ரல்களையும் பாரிலிருந்து கழற்றி, ஒன்றுக்கொன்று கண்டினியூட்டி பாருங்கள். எந்த இரண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடாது. மெயினை இறக்காமல் நியூட்ரலைக் கழற்றவே கூடாது. மூன்று ஃபேஸ் டி.பி.யில் பொது நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கும். விளக்கு டிரைவர்களும் கம்ப்யூட்டர்களும் வரிசையாகப் போய்விடும். சப்ளை கொடுத்த மூன்று மாடிகளிலும் எல்லா லைட்டிங் சர்க்யூட்டையும் இப்படிப் பாருங்கள். ஓர் இடத்தில் இந்தப் பழக்கம் இருந்தால் மற்ற இடங்களிலும் இருக்கும். இனிமேல் எம்.சி.பி. எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் நியூட்ரல் பாரிலும் எண் போட்ட ஃபெரூலுடன் (வயர் முனையில் மாட்டும் அடையாள உறையுடன்) இணைக்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி. விழவில்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சர்க்யூட்டுகளுக்கு ஆர்.சி.சி.பி.யே இல்லையா, 30 மில்லி ஆம்பியர் இருக்கவேண்டிய இடத்தில் 100 அல்லது 300 இருக்கிறதா, அதன் வெட்டும் பொறி வேலை செய்யவில்லையா, அல்லது உடல் வழி போனது 30-க்குக் குறைவா என்று பார்த்தாகவேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பொறி அசைகிறதா என்பது மட்டும்தான் தெரியும். எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்பதை மீட்டர்தான் சொல்லும்: சாதாரண வகையில் குறித்த அளவில் 300 மில்லி விநாடிக்குள், ஐந்து மடங்கில் 40-க்குள். அதே சமயம் குழுவுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். ஆர்.சி.சி.பி. உடல் வழியே போகும் மின்சாரத்தின் அளவைக் குறைப்பதில்லை, போகும் நேரத்தைத்தான் குறைக்கிறது. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை அது காப்பாற்றாது. போனது அத்தனையும் நியூட்ரலில் திரும்பிவிடுவதால் அதற்கு வித்தியாசமே தெரியாது.

லைன் செத்தது என்று எப்போது சொல்லலாம்

ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் எரியாததை வைத்து ஒருவரைக் கைவைக்கச் சொல்லக்கூடாது. அதன் நியான் எரிய உங்கள் உடல் வழியே சிறு மின்சாரம் எர்த்துக்குப் போகவேண்டும். ஃபைபர் ஏணி மேல், தடித்த ரப்பர் காலணியோடு நிற்பவர் கையில் அது மங்கும், எரியாமலும் போகும். வயரைத் தொடாமலே கத்தும் டெஸ்டர்களும் உலோக உறைக்குள் உள்ள கேபிளில் ஏமாற்றிவிடும். இரண்டு முனை கொண்ட மின்னழுத்தக் காட்டி குழுவில் குறைந்தது இரண்டாவது வேண்டும். ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) வகுத்த 61243-3 தரத்தில் செய்தது என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

முறை இதுதான். எல்லாப் பக்கத்திலிருந்தும் சப்ளையைப் பிரியுங்கள். ஜெனரேட்டர், யு.பி.எஸ்., சோலார் இன்வெர்ட்டர் இருந்தால் அவையும் சப்ளைதான். மறுபடி யாரும் ஏற்றமுடியாதபடி பூட்டுங்கள். வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் பையில் வைத்திருக்க வேண்டும். எம்.சி.பி.க்கு மாட்டும் சிறு பூட்டுக் கிளிப்புகள் விற்கின்றன. டேப் ஒட்டுவதோ அட்டை தொங்கவிடுவதோ பூட்டாகாது. பிறகு காட்டியைச் சப்ளை இருக்கும் ஓர் இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள், வேலை நடக்கும் இடத்தைச் சோதியுங்கள், மறுபடியும் சப்ளை உள்ள இடத்தில் பாருங்கள். நடுவில் காட்டி பழுதானதால் ‘இல்லை’ என்று காட்டியிருக்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கடைசிப் பரிசோதனை. ஒற்றை ஃபேஸில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று அளவு. மூன்று ஃபேஸில் பத்து: ஃபேஸ்களுக்கிடையே மூன்று, நியூட்ரலுக்கு மூன்று, எர்த்துக்கு மூன்று, நியூட்ரல்-எர்த் ஒன்று. அருகில் லைவாக எது மிஞ்சியிருக்கிறதோ அதை மறையுங்கள்.

அந்த ஓர் எம்.சி.பி.யை மட்டும் இறக்கி இதையெல்லாம் அந்தப் பையன் செய்திருந்தாலும் அந்த ஷாக் தப்பியிருக்காது. நியூட்ரல் இணைந்திருக்கும்வரை நியூட்ரல்-எர்த் அளவு பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். பிரித்த பின்தான் ஏறும். அதனால், பிறர் போட்ட நியூட்ரல் இணைப்பைப் பிரிப்பதற்கு முன்பு அதில் கிளாம்ப் மீட்டர் வைத்து மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். விளக்குகள் அணைந்திருந்தால் அதுவும் காட்டாது என்பதால், இரவல் இல்லை என்று உறுதியாகும்வரை அந்த டி.பி. முழுவதையும் இறக்கி, மெயின் ஐசோலேட்டர் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற வகையா என்று பார்த்து, பூட்டுவதே பாதுகாப்பு. மாடிப்படி விளக்குபோல இரண்டு மாடிகள் சேரும் பாக்ஸாக இருந்தால் இரண்டு டி.பி.யையும் இறக்கவேண்டும். இவ்வளவையும் யோசித்துச் செய்யவேண்டிய வேலையை ஒரு ஹெல்பரிடம் தனியாகக் கொடுத்ததுதான் அன்றைய பிழை. அந்த நேரத்தில் உங்கள் கை ஐந்தாம் மாடிப் பேனலுக்குள் இருந்தது. இந்த இடத்துக்குக் கீழே மறுபடியும் வருகிறேன்.

அண்ணனிடம் எப்படிப் பேசுவது

அவருக்கு இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவர் பக்கத்து வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் டி.பி.யில் உள்ள எம்.சி.பி. முகப்பைப் பாருங்கள்: சிறு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருக்கும். அவ்வளவு ஆம்பியர் ஷார்ட் சர்க்யூட் வரை தாங்கி வெட்டும் என்பது அதன் பொருள். அத்தனை ஆயிரம் ஆம்பியர் வரக்கூடிய இடம் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். இன்கமர் பக்கத்தில், அதாவது சப்ளை நுழையும் பக்கத்தில், ஸ்பேனர் நழுவி இரண்டு பஸ்பாருக்கு (மின்சாரத்தைப் பகிரும் செம்புப் பட்டை) நடுவே விழுந்தால் அந்த எம்.சி.பி. குறுக்கே வராது, மேலே உள்ள பேனலின் பிரேக்கர் வெட்டும்வரை செம்பு ஆவியாகித் தீப்பிழம்பாக முகத்தில் அடிக்கும். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் நழுவும் ஸ்க்ரூவை அது தடுக்காது. இதைவிடப் பெரிய ஆபத்து, இரண்டு பயிற்சியாளர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. அவர் கைப்பழக்கம் அவர்களிடம் இல்லை.

எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். வேலை தொடங்குவதற்கு முன்பு தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். இப்படிச் சொல்லலாம்: ‘அண்ணே, வேலையக் கத்துக்குடுத்ததே நீங்கதான், அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா இனிமே எந்த டி.பி. மூடியத் தொறந்தாலும் பூட்டுப் போட்டு, செக் பண்ணிட்டுத்தான் கை வைக்கணும். லைவ்ல மீட்டர் வெச்சுப் பாக்கலாம், அவ்வளவுதான். டைட் பண்றதோ புது வயர் சேக்கறதோ கூடாது. நேரம் ஆச்சுன்னா மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்.’ கடைசி வரி முக்கியம். பலர் லைவில் கைவைப்பது துணிச்சலால் அல்ல. ஷட்டவுன் கேட்டால் இரண்டு மணி நேரம் போகும், கத்துவார்கள் என்பதால். அந்தக் கத்தலை நீங்கள் வாங்கிக்கொள்வதாகச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அவர் ஒத்துக்கொண்டால், பேனல் டெர்மினேஷன் (வயர் முனைகளை இணைக்கும் வேலை) முழுவதையும் அவர் மேற்பார்வையில் விடுங்கள். அது அவருக்குத் தகுந்த மரியாதை. ஒத்துக்கொள்ளாமல் மீண்டும் ஒருமுறை செய்தால், சப்ளை உள்ள மாடிகளிலிருந்து அவரை எடுத்து மேல் மாடிகளில் போடுங்கள். காரணத்தை எழுதி மேனேஜருக்கு அனுப்புங்கள். அதற்கும் பிறகு நடந்தால் சைட்டில் வைத்திருக்க முடியாது. இந்த மூன்று படியையும் முதல் பேச்சிலேயே அவரிடம் சொல்லிவிடுவது நேர்மை.

சோதனைத் தாளும் உங்கள் கையெழுத்தும்

மேனேஜர் கேட்பது: ‘கேபிள் புதுசு, கம்பெனி மால், அதில் என்ன போயிருக்கப் போகிறது?’ ஃபேக்டரியிலிருந்து வந்த கேபிளில் பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. கண்டியூட்டின் (வயர் போகும் குழாயின்) கூரான வாயில் உரசி இழுத்தது, பாக்ஸ் மூடியில் நசுங்கியது, சீலிங் சேனலைப் பொருத்தும் ஸ்க்ரூ துளைத்தது: பழுது இங்கேதான் வருகிறது. அதாவது, உங்கள் குழுவின் கையிலும் உங்களுக்குப் பின்னால் வரும் சீலிங்காரர்கள் கையிலும். ஆகவே இன்சுலேஷன் சோதனை இரண்டு முறை வேண்டும். மூடுவதற்கு முன் ஒருமுறை, பழுது இருந்தால் எட்டிப் பிடிக்க. மூடிய பின், சப்ளைக்கு முன் இன்னொரு முறை, ஸ்க்ரூ எதுவும் இறங்கவில்லை என்று உறுதிசெய்ய.

அளவுகள் உங்களுக்குத் தெரிந்தவைதான், ஆனாலும் சொல்கிறேன். ஐ.இ.சி. 60364-இன் ஆறாம் பகுதிப்படி 230/400 வோல்ட் சர்க்யூட்டுக்கு 500 வோல்ட் டி.சி.யில் குறைந்தது 1 மெகா ஓம் வரவேண்டும். அது கடைசி எல்லை. புது வயரிங்கில் நூற்றுக்கணக்கில் வரவேண்டிய இடத்தில் 2 மெகா ஓம் காட்டினால், ‘பாஸ்’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஈரமோ நசுங்கலோ இருக்கிறது. டி.பி. முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது எல்லா சர்க்யூட்டும் இணையாக வருவதால் அளவு குறையும். சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எல்.இ.டி. டிரைவர், டிம்மர், டைமர், சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுப்பது) எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். கழற்ற முடியாவிட்டால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்குப் பாருங்கள். சர்ஜ் அரெஸ்டர் கழற்ற முடியாத வகையாக இருந்தால் 250 வோல்ட்டில் பார்க்கலாம். 1 மெகா ஓம் எல்லை அதே.

இதற்கு முன்பு எர்த் கண்டினியூட்டி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மீட்டருக்கு 7.41 மில்லி ஓம். ஃபேஸும் எர்த்தும் அதே அளவில், 40 மீட்டர் ஓட்டமென்றால் போய்வர சுமார் 0.6 ஓம் வரவேண்டும். 2 ஓம் காட்டினால் எங்கோ இணைப்பு லூஸ். சப்ளை கொடுத்த பின் எர்த் லூப் அளவு, அதாவது பழுதின்போது மின்சாரம் எர்த் வழியே திரும்பும் சுற்றின் தடை. 20 ஆம்பியர் பி வகை எம்.சி.பி. உடனே விழ 100 ஆம்பியர் போதும். 230-ஐ வகுத்தால் லூப் 2.3 ஓம் வரை தாங்கும். அடிக்கடி விழுகிறது என்று அதையே சி வகையாக மாற்றினால் 200 ஆம்பியர் வேண்டும், எல்லை 1.15 ஓம் ஆகிவிடும். உங்கள் சைட்டில் யாராவது அப்படி மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றியவர் லூப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த அளவுகள் எதுவும் எடுக்காமல் தாளை நிரப்பினால், நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதிக்கொடுக்கிறீர்கள். பல நாடுகளின் சட்டத்தில் இது பொய் ஆவணம். விபத்து நடந்தால் முதலில் எடுக்கும் தாள் அதுதான். வாயால் சொன்ன மேனேஜரின் பெயர் அதில் இருக்காது.

ஏற்கெனவே கொடுத்த இரண்டு தாள்களை என்ன செய்வது? பழைய தாளில் திருத்தவோ கிழிக்கவோ வேண்டாம். அந்த இரண்டு மாடிகளையும் ஆளில்லாத நேரத்தில் ஷட்டவுன் வாங்கிச் சோதித்து, உண்மையான தேதியோடு புதுத் தாள் எழுதி, ‘முந்தைய தாள் அளவு எடுக்காமல் தரப்பட்டது, அதற்கு மாற்றாக இது’ என்று கொடுங்கள். மேனேஜருக்கு அனுப்ப ஒரு மாதிரி: ‘நான்காம் மாடியைப் பகுதி பகுதியாகச் சோதித்துத் தருகிறேன். ஒரு டி.பி.க்கு இரண்டு பேருடன் அரை நாள் தேவை. சோதித்து முடித்த பகுதிகளின் பட்டியலை மாலையில் தருவேன், அவற்றை மறுநாள் மூடலாம். சோதிக்காத பகுதிக்கு என்னால் கையெழுத்திட முடியாது.’ அவருக்கு வேண்டியது மூடும் தேதி. மறுப்பை மட்டும் அனுப்பினால் சண்டை. தேதியோடு அனுப்பினால் பேச்சுவார்த்தை. மூடிய சீலிங்கைப் பழுதுக்காக மறுபடி பிரிக்க எவ்வளவு நாளாகும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

உங்கள் கை எங்கே இருக்கவேண்டும்

‘லீட் என்றால் எல்லாரையும்விட வேகமாகவும் நன்றாகவும் செய்துகாட்ட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மாற்றிக்கொள்ளாமல் மற்றது எதுவும் மாறாது. இந்த நிமிடத்தில் எந்த டி.பி. லைவ், எந்த பாக்ஸ் திறந்திருக்கிறது, யார் எங்கே நிற்கிறார் என்பது சைட்டில் ஒருவருக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான். பேனலுக்குள் தலையை விட்டவருக்கு அது தெரியாது. மூன்றாம் மாடிக்கு அன்று யாரை அனுப்பலாம் என்று யோசிக்க உங்களுக்கு நேரம் இல்லாமல் போனது இதனால்தான்.

காலையில் முதல் ஒரு மணி நேரமும், சப்ளை ஏற்றும் எந்த நேரத்திலும், மாலையில் கடைசி ஒரு மணி நேரமும் கருவியைத் தொடாதீர்கள். காலையில் பத்து நிமிடம் நின்றபடி பேசுங்கள்: இன்று லைவாக உள்ளவை, சாவி யாரிடம், யாருடன் யார், எங்கே ஆபத்து, மதியத்துக்குள் வேண்டிய சாமான். ஒவ்வொரு மாடியின் டி.பி. அருகிலும் லைவா இல்லையா என்று தேதியோடு ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும். முதல்முறை சப்ளை கொடுத்த நிமிடத்திலிருந்து அந்த மாடி முழுவதும் லைவ் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஹெல்பரோ பயிற்சியாளரோ அங்கே தனியாகப் போகக்கூடாது, டி.பி. மூடியையோ ஜங்ஷன் பாக்ஸையோ எலக்ட்ரீஷியன் உடனில்லாமல் திறக்கக்கூடாது.

இரவில் உட்கார்ந்து பிறர் பிழையைச் சரிசெய்வதை நிறுத்துங்கள். பிழை செய்தவருக்கு அது தெரிவதே இல்லை. நாளையும் அதையே செய்வார். ஒவ்வொருவரும் முடிக்கும் முதல் டி.பி.யை முழுதாகப் பாருங்கள்: ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்ப்பது, டார்க் ஸ்க்ரூடிரைவரில் (இறுக்கும் விசையை அளவிடுவது) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கியிருக்கிறதா, இன்சுலேஷன் மேல் ஸ்க்ரூ பிடித்திருக்கிறதா, பல இழை வயரான மல்டி ஸ்ட்ராண்டுக்கு லக் (முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக இணைப்பு) போட்டிருக்கிறதா, செம்பு பஸ்பாரில் அலுமினியக் கேபிள் வந்தால் பைமெட்டல் லக்கா என்று. சரியாக இருந்தால் அடுத்து நான்கில் ஒன்று பார்த்தால் போதும். பிழை கண்டால் அவர் செய்த மற்றவற்றையும் அவரையே திறந்து பார்க்கச் சொல்லி, அவர் கையாலேயே திருத்தவையுங்கள். முதல் இரண்டு வாரம் வேலை மெதுவாகத்தான் நகரும். அதை மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொறுப்பு யாருடையது, உங்களுக்கு என்ன உரிமை

ஓர் இடத்தில் ‘எல்லாம் என் தலையில்’ என்கிறீர்கள், இன்னோர் இடத்தில் ‘எல்லாம் இன்ஜினீயர் பொறுப்பு’ என்கிறீர்கள். இரண்டும் சரியில்லை. பாதுகாப்பான முறை, கருவி, நேரம், பயிற்சி தருவது முதலாளியின் கடமை. கொடுத்ததைக் கொண்டு யாரை எங்கே அனுப்பினீர்கள், எதைப் பார்த்தீர்கள், எதில் கையெழுத்திட்டீர்கள் என்பது உங்களுடையது. ‘பேருக்கு லீட்’ என்ற சமாதானம், ஏழு பேரும் உங்கள் சொல்லைக் கேட்டுத்தான் வேலை செய்தார்கள் என்று தெரிந்த நிமிடமே செல்லாது.

வேலையை நிறுத்தினால் வேலை போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கை, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தகாத விளைவுகளிலிருந்து காக்கவேண்டும் என்கிறது. அப்படி மேற்பார்வையாளரிடம் தெரிவித்தபின், ஆபத்தைச் சரிசெய்யும்வரை அவரை அங்கே திரும்பிப் போகும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. 2022-இல் இதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது எந்த வடிவில் இருக்கிறது என்பதை அங்குள்ள தொழிலாளர் துறையிலோ தொழிற்சங்கத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். இந்த உரிமை உங்கள் ஹெல்பருக்கும் உண்டு. அவர் ‘பயமாக இருக்கிறது’ என்று சொன்னால் கேட்கவேண்டியவர் நீங்கள். உங்கள் லைசென்ஸ் எந்த அளவு வேலைக்கு, எத்தனை பேரை மேற்பார்வையிட அனுமதிக்கிறது என்பதையும் எடுத்துப் பாருங்கள்.

விலகுவதா?

இப்போதே வேண்டாம். நிறுவனத்திடம் எழுத்தில் நான்கு கேளுங்கள்: வேலையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்ற நியமனக் கடிதம், ஆளுக்கொரு பூட்டும் கிளிப்புகளும் இரண்டு மின்னழுத்தக் காட்டியும், கேலிபரேஷன் காலாவதியாகாத மெகரும் லூப், ஆர்.சி.சி.பி. டெஸ்டரும், ஒவ்வொரு டி.பி.க்கும் சோதனை நேரம் அட்டவணையிலேயே. இரண்டு வாரம் கொடுங்கள். பூட்டும் காட்டியும் பெரிய செலவில்லை. அதற்கே தட்டிக்கழித்தால் மற்ற மூன்றும் வராது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதிகாரம் தராமல் கையெழுத்து மட்டும் கேட்டார்கள் என்றால், லீட் பொறுப்பிலிருந்து எழுத்துமூலம் விலகுங்கள். வயர் இழுக்கப் போவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் போகிறபோது, எந்த மாடியில் எந்த சர்க்யூட் சோதிக்கப்படவில்லை, எந்த நியூட்ரல் இன்னும் பிரிக்கப்படவில்லை என்ற பட்டியலைத் தேதியிட்டு ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி ஜங்ஷன் பாக்ஸை மட்டும் அந்தப் பட்டியலில் விட்டுவைக்காதீர்கள். இந்த வாரமே அந்த டி.பி.யை, இரண்டு மாடி சேரும் பாக்ஸானால் இரண்டு டி.பி.யையும், இறக்கிப் பூட்டி, அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நியூட்ரலைப் பிரித்து முடித்துவிடுங்கள்.